மனைவி தாய்ப்பால் கொடுக்கிறாள். தூரத்தில் இருக்கும் நான் என்ன செய்யலாம்?

ஓசூர் ஷிப்ட்காரன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். சிசேரியன், பையன். இரண்டு வாரம் ஆகப்போகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியபோது 2.7. எனக்குக் கொடுத்த லீவு முடிந்து ஓசூர் திரும்பிவிட்டேன்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு முழுக்கப் பால்தான். சாயங்காலம் ஆனால் பையன் விடாமல் அழுகிறானாம். குடித்து முடித்த அரை மணி நேரத்தில் மறுபடி வாயைத் திறக்கிறானாம். "பால் பத்தல, டப்பா பால் கரைச்சுக் குடுத்திரலாம்" என்கிறார் அத்தை. ஆச்சி இன்னும் ஒரு படி மேலே. வயிற்றைக் கிழித்த உடம்பு, தண்ணீர் அதிகம் குடித்தால் புண் ஆறாது என்று சொம்பையே எட்ட எடுத்து வைத்துவிட்டாராம். இவள் ராத்திரி போனில் அழுகிறாள். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மாமியார் வீட்டில் போய் மருமகன் பால் விஷயம் பேசினால் நன்றாகவா இருக்கும்? சனி ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிறு காலையில் போய்விடலாம், அன்று ராத்திரியே திரும்ப வேண்டும். அந்த ஒரு பகலில் உருப்படியாக என்ன செய்யலாம்? மற்ற நாட்களில் போனில் என்ன செய்யலாம்? அனுபவப்பட்ட அப்பாக்கள் சொல்லுங்கள்.

பழைய ஆள்:

தம்பி, இது பொம்பளைங்க சமாச்சாரம். நாலு பிள்ளை பெத்த ஆச்சிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுது? பணத்தை அனுப்பிட்டு வேலையைப் பாருங்க. பால்சுறா வாங்கிப் புட்டு செய்யச் சொல்லுங்க, பால் தானா ஊறும்.

கரூர் ஜெராக்ஸ்:

மேலே அண்ணன் சொன்னதில் சுறாப்புட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை விட்டுவிடுங்கள்.

எனக்கு இரண்டு பெண்கள். கரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்குமே என் வீட்டம்மா ஒன்றரை வயது தாண்டியும் பால் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

முதலில் போன். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் "பால் வருதா? குடிச்சானா?" என்று ஆரம்பிக்கிறீர்களா? இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அங்கே காலையில் இருந்து அத்தை கேட்டிருப்பார், ஆச்சி கேட்டிருப்பார், பால்காரர் கூடக் கேட்டிருப்பார். நாலாவது ஆளாக நீங்களும் கேட்டால் அது விசாரிப்பு இல்லை, பரீட்சை. பால் சுரந்து வெளியே இறங்குவதற்கு ஒரு ஹார்மோன் வேலை செய்ய வேண்டும், ஆக்ஸிடோசின் என்று பெயர். பயம், அவமானம், வலி எல்லாம் அதைத் தடுக்கும். மாரில் பால் இருக்கும், இறங்காது. அதனால் "நீ சாப்பிட்டியா? மத்தியானம் கொஞ்சம் கண் மூடினியா? தையல் போட்ட இடம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பால் பேச்சை அவரே எடுத்தால் காது கொடுங்கள். உடனே யோசனை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் நாக்கை வறட்டும். குழந்தை வாய் வைத்த அடுத்த நிமிஷம் தொண்டை காயும், எழுந்து போக முடியாது. மூடி போட்ட ஒரு பெரிய ஸ்டீல் பாட்டில் வாங்கிக்கொண்டு போங்கள். ஆச்சியோடு வாதம் பண்ண வேண்டாம். பாட்டிலை நிரப்பிக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, "ஆச்சி, வெந்நீரை ஆறவெச்சு ஊத்தியிருக்கேன், டாக்டரம்மா குடிக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வெந்நீர் என்றால் நம்ம ஊர்க் கிழவிகள் பாதி சமாதானம் ஆகிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போகும் நாள் என்றால் அதுதான் சொந்தக்காரர்கள் பிள்ளை பார்க்க வரும் நாளும். இதை நான் கண்ணால் பார்த்தது. பெரியவள் பிறந்து வீட்டுக்கு வந்த சமயம், உள்ளறையில் ஏழெட்டுப் பேர். கட்டிலில் ஒரு பெரியம்மா, நாற்காலியில் அவர் மருமகள், நிலைப்படியில் இரண்டு மாமாக்கள். குழந்தை கையைச் சப்ப ஆரம்பித்தாள். பசிக்கு அதுதான் முதல் அடையாளம், அழுகை எல்லாம் கடைசியில்தான் வரும். என் வீட்டம்மா முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் போகச் சொல்ல முடியவில்லை. குழந்தை வீறிட்ட பிறகு ஒரு அம்மா "பசிக்குது போல, பால் இல்லையா?" என்றார். நான் எழுந்து, "மாமா, வெளியே திண்ணையில காத்து வருது, வாங்க காபி சாப்பிடலாம்" என்று ஆண்களைக் கிளப்பினேன். காபி போய்ச் சேர்ந்ததும் பெண்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு மட்டும் பக்கத்துக் கடையில் காபி பாக்கி எவ்வளவு ஆனது என்பது வேறு கதை. அந்த நாற்காலிதான் உங்கள் இடம். மாமியார் வீடாக இருந்தாலும் அதைச் செய்ய மருமகனுக்கு உரிமை உண்டு. சொல்லப்போனால் மருமகன் செய்தால்தான் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், மகள் செய்தால் "திமிர்" என்பார்கள்.

அப்புறம் அத்தை. அவரை எதிராளி ஆக்கிவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது அவர்தான். மகள் அழுவதைப் பார்க்கிறவரும் அவர்தான். டப்பா பால் என்கிறார் என்றால் மகள் கொஞ்சம் தூங்கட்டும் என்றுதான் இருக்கும். அவருக்குத் தனியாகப் போன் போடுங்கள். "அத்தை, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம்னு ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பிச்சாங்க. நான் இங்க கிடக்கேன், நீங்கதான் அதைப் பார்த்துக்கணும்" என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். எங்கள் அத்தையிடம் அப்படிச் சொன்ன பிறகு, கழுதைப்பால் கொண்டு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று, தராசு. பால் போதுமா போதாதா என்று வீட்டில் ஆளாளுக்கு அபிப்பிராயம் இருக்கும், கிராம் கணக்கில் யாருக்கும் அபிப்பிராயம் இருக்காது. குழந்தையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை டாக்டரிடமோ போங்கள். முக்கியமாக அத்தையையும் கூட்டிப் போங்கள். உடுப்பெல்லாம் கழற்றி, தட்டில் ஒரு துணி விரித்து, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துப் படுக்கப் போடுவார்கள். எண்ணை அத்தை தன் கண்ணால் பார்க்கட்டும். டாக்டர் சொல்ல வேண்டியதை அவர் முன்னாலேயே சொல்லட்டும். அடுத்த முறையும் அதே தராசில் போடுங்கள், தராசுக்குத் தராசு மாறும். அதற்காகத் தினமும் போட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஓய்வு நர்ஸம்மா:

கரூர்த் தம்பி சொன்னது சரி. நான் விருதுநகர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் விட்டதை மட்டும் சொல்கிறேன்.

2.9-ல் இருந்து 2.7 ஆனதைக் கேட்டுப் பயப்படாதீங்க தம்பி. பிறந்த முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் எடை குறையும். நூற்றுக்குப் பத்து வரைக்கும் போவது உண்டு. உங்கள் பிள்ளைக்கு ஏழு கூட முழுசாக இல்லை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டால் நல்ல அடையாளம். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இருபது முப்பது கிராம் ஏறினால் போதும். எடை பார்க்க முடியாத நாளில் மூத்திரத் துணியை எண்ணச் சொல்லுங்கள். முதல் வாரம் தாண்டிய குழந்தை இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைக்க வேண்டும். மலம் மஞ்சளாக, இளக்கமாகப் போக வேண்டும். இந்தக் கணக்கைப் போனில் நீங்களே தினம் அத்தையிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு இது நல்ல வேலை.

சாயங்கால அழுகைக்கும் பால் பற்றாக்குறைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சின்னக் குழந்தைகள் பொழுது சாய்ந்த பிறகு அடுத்தடுத்துக் குடிப்பது வழக்கம். ஒரு நாளைக்கு எட்டில் இருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இந்த நேரத்தில் டப்பா பாலைப் புகுத்தினால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மாரில் இழுப்பது குறையும், ஊறுவதும் குறையும். பிறகு "பால் இல்லை" என்பது நிஜமாகவே ஆகிவிடும். ராத்திரிப் பாலை விடவே கூடாது. பால் ஊற வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம்.

பிள்ளை எப்படிப் பற்றுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வெடிப்பு வரும், பிள்ளைக்குப் பால் வராது. வாயை அகலத் திறந்து, கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போய், கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மாரைத் தொட வேண்டும். மேல்பக்கம் கொஞ்சம் கறுப்பு தெரிந்தால் பரவாயில்லை. சிசேரியன் பெண்ணுக்கு மடியில் பிள்ளையை வைத்தால் தையலில் இடிக்கும். ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். இல்லை என்றால் பிள்ளையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகிற மாதிரி அக்குளில் இடுக்கி, அடியில் தலையணை வைத்துக் கொடுக்கலாம். அந்தத் தலையணையை வைத்து, பிள்ளையைத் தூக்கி அவள் கையில் தருவது நீங்கள் செய்யக்கூடியது. குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பதும் துணி மாற்றுவதும்கூட. சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா நெஞ்சிலும் குழந்தை அடங்கும்.

சுறாப்புட்டு எப்போதாவது என்றால் சரி, தினமும் வேண்டாம். பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். சின்ன மீன், முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, பூண்டுக் குழம்பு எல்லாம் சாப்பிடட்டும். பத்தியம் என்று வெறும் ரசஞ்சோறு போட்டால் தாய்க்குத்தான் கஷ்டம். தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதையும் பிள்ளை நாக்கில் வைக்க விடாதீர்கள். வெயில் காலம் என்றாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை எழுப்பினாலும் எழாமல், குடிக்காமல் கிடந்தால். மூத்திரம் குறைந்தால். காய்ச்சல் அடித்தால். மஞ்சள் கால் வரை இறங்கினால். தாய்க்கு மார் ஒரு பக்கம் சிவந்து, கல்லு மாதிரி கட்டி, குளிர்க்காய்ச்சல் வந்தாலும் போக வேண்டும். ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ராத்திரியில் சந்தேகம் என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

இரட்டைப் பிள்ளைக்காரர்:

எல்லாரும் சொல்வது நல்லதுதான். ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். எங்களுக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு, அதுவும் மாதம் முடியும் முன்னே. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் டப்பா பாலும் சேர்ந்தது. அதற்காக என் மனைவி பட்ட பேச்சு கொஞ்சம் நஞ்சம் இல்லை. டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று எழுதியிருக்கும், 1992-ல் வந்த சட்டம் அது. அந்த வரியை ஒரு சொந்தக்காரர் அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார் என்றால் பாருங்கள். அவரை நான்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

தேவை என்று டாக்டர் சொன்னால் கொடுங்கள், குற்றமாக நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டார் சொன்னார், மெடிக்கல் கடைக்காரர் சொன்னார் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கொடுக்க நேர்ந்தால் பாட்டில் வேண்டாம், பாலாடையில் கொடுங்கள். பாலாடையைக் கொதிக்க வைத்துக் கழுவுவது எங்கள் வீட்டில் என் டிபார்ட்மென்ட்.

ஓசூர் ஷிப்ட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சி-ஆஃப் (கூடுதலாக வேலை பார்த்த நாளுக்கு ஈடான லீவு) சேர்த்துப் போட்டுத் திங்கள் வரை இருந்துவிட்டு வந்தேன். சுகாதார நிலையத்தில் அத்தை முன்னாலேயே எடை போட்டார்கள். 2.95. அத்தை முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்தார். அங்கிருந்த சிஸ்டர் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பையன் காம்பை மட்டும்தான் பிடிக்கிறான் என்று திருத்திக் காட்டினார். ரெண்டு தலையணை, அக்குள் பக்கம், நர்ஸம்மா சொன்ன அதே மாதிரி. இவளுக்கு வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் இன்னும் அழுகிறான், ஆனால் டப்பா பேச்சு நின்றுவிட்டது. ஆச்சி மட்டும் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ முணுமுணுக்கிறார். மூத்திரக் கணக்கு எனக்கு வாட்ஸாப்பில் வருகிறது, அத்தையே அனுப்புகிறார்.

இன்னொரு சந்தேகம். மூன்றாம் மாதம் ஓசூருக்குக் கூட்டி வரலாம் என்று இருக்கிறோம். இங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இவள் தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள், ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்போது எப்படிச் சமாளிப்பது?

வங்கி கவுன்ட்டர்:

நான் வேலைக்குத் திரும்பிய கதையைச் சொல்கிறேன், உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை கேட்கலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். எச்ஆருக்கு அந்த மெயிலை எழுதியது என் கணவர், அனுப்பியது நான். அப்பாக்களுக்கு மத்திய அரசு ஊழியர் என்றால் பதினைந்து நாள் உண்டு. தனியாரில் கம்பெனி மனசு வைத்தால்தான். அதனால் உங்கள் லீவை எல்லாம் சேர்த்து, அவள் ஓசூர் வரும் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் நாலு கை இருக்கும். ஓசூரில் அவளுக்கு உங்கள் இரண்டு கைதான்.

பீய்ச்சி எடுத்த பாலைப் பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டில் முழுக்க அவர் வேலை. நான் வீட்டுக்கு வந்து குழந்தையை எடுத்துக்கொள்வேன். அவர் பம்ப் உறுப்புகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் கவிழ்த்து வைப்பார். டப்பா ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் எழுதிய பிளாஸ்திரி. வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் கணக்கு, நம் ஊர் மே மாத வெயிலில் அதைக்கூட நம்ப வேண்டாம், உடனே ஃபிரிட்ஜ். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நாலு நாள் வரை இருக்கும். சூடாக்க அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கக் கூடாது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் டப்பாவை நிறுத்த வேண்டும். ஏடு பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போனது இல்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இது தெரியாமல் ஒருநாள் என் அண்ணன் வந்து கொட்டப் போனான். என் கணவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

பயணம் போகும்போது பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை இருக்கிறதா என்று நீங்கள் முன்னால் போய்ப் பாருங்கள். 2015-ல் இருந்து நம் மாநிலத்தில் பஸ் நிலையங்களில் வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் பூட்டு தொங்கும், சாவி யாரிடம் என்று தேடி வாங்குவது உங்கள் வேலை. கையில் அழுகிற குழந்தையோடு அவள் தேடக் கூடாது.

கடைசியாக, அவள் தூங்க முடியாமல், எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளையைத் தூக்கவே மனம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

ஓசூர் ஷிப்ட்காரன்:

மேடம், கரண்ட் போனால் அந்தப் பாலை என்ன செய்வது? எங்கள் ஏரியாவில் மாதம் ஒருநாள் பகல் முழுக்க ஷட்டவுன் உண்டு.

வங்கி கவுன்ட்டர்:

கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சியைத் தாங்கும். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே ஃபிரீசரில் ஐஸ் பேக் உறைய வைத்துவிட்டு, காலையில் மூடி இறுக்கமாக உள்ள ஐஸ் பெட்டியில் பாலையும் அதையும் சேர்த்து அடுக்கிவிடுங்கள். ஷட்டவுன் தேதி முன்கூட்டியே பேப்பரில் வரும், அதைப் பார்த்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.